காலில் ஒரு சுற்று

தை 20, வெள்ளி

எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது. கைநாட்டு. சென்னையிலிருந்து படம் எடுக்க வந்திருக்கும் இந்துஜா பாப்பா, தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிதாக ஒரு பெட்டியைக் கையில் கொடுத்து, "இந்த சிவப்புப் பொத்தான அமுக்கிட்டு தினமும் மனசுல பட்டதச் சொல்லுங்க தாத்தா. நான் அப்புறமா எழுத்தா மாத்திக்கிறேன்" என்றது. அதுதான் பேசுகிறேன். ஒரு நிபந்தனை வைத்திருக்கிறேன். மற்றவர்கள் பேசினால் அவர்கள் பேசுகிறபடி எழுதிக்கொள்ளட்டும். நான் சொல்வதை மட்டும் புத்தகத்தில் வருகிற மாதிரி மரியாதையாக எழுத வேண்டும். சரி என்றது.

என் பெயர் தம்புசாமி. கட்டுமரத்தில் போன ஆள். சுனாமிக்குப் பிறகு கரையை விட்டுத் தள்ளிக் கட்டிக் கொடுத்த வீடுகளில் ஒன்றில் இருக்கிறேன். மகன் கலியமூர்த்தி விசைப்படகில் போகிறான். போனால் வர நாளாகும். வீட்டில் நானும் மருமகள் தையல்நாயகியும்தான். அவள் விடியற்காலையில் துறைமுகத்து ஏலத்தில் மீன் எடுத்துத் தெருவில் விற்பவள். நாள்காட்டித் தாள் கிழிப்பதும் அவள்தான், எனக்குத் தேதி சொல்வதும் அவள்தான்.

படம் எங்களைப் பற்றித்தான். மகனும் மருமகளும் என்னைக் கட்டிப் போட்டுக் கொடுமை செய்தார்கள் என்று போலீஸில் வழக்கு இருக்கிறது. இருவரும் சில நாள் சிறையில் இருந்துவிட்டு ஜாமீனில் வந்திருக்கிறார்கள். தீர்ப்பு எதிராகப் போனால் மறுபடி உள்ளே போவார்கள். என்னைத் திருவாரூர்ப் பக்கம் ஒரு முதியோர் காப்பகத்தில் கொண்டுபோய் விடுவார்களாம். அங்கே மீன் போட மாட்டார்கள் என்று கேள்வி.

மத்தியானம் கிழங்கான் மீன் குழம்பு. பாப்பா சைவம். மோரும் ஊறுகாயும் வைத்துச் சாப்பிட்டது, பாவம்.

தை 21, சனி

படம் பிடிக்கிறார்கள் என்பதால் சவரம் செய்துகொண்டேன். திரும்பி வந்தால் காமிராக்காரத் தம்பி சாலமன் தலையில் அடித்துக்கொள்கிறான்.

"தாத்தா, நேத்து தாடியோட எடுத்திருக்கோம். இன்னைக்கி மொழு மொழுன்னு வந்து நிக்கிறீங்க. ரெண்டையும் எப்படி ஒட்டுறது?"

"தாடி வளந்ததும் ஒட்டிக்க. அதுவரைக்கும் இங்கயே இரு. மீனு ஒனக்கு நல்லா எறங்குது."

பாப்பா என்னை நாற்காலியில் உட்கார வைத்துக் கேள்வி கேட்டது. முதல் கேள்வியே "வேளாவேளைக்கு சாப்பாடு குடுக்குறாங்களா தாத்தா?" என்றுதான். இவர்களும் மனதில் ஒன்றை வைத்துக்கொண்டுதான் வந்திருக்கிறார்கள் என்று புரிந்தது. கோபம் வரவில்லை. செல்போனில் ஊர் ஊராகப் பரவிய அந்தப் படத்தைப் பார்த்தால் யாருக்கும் அப்படித்தான் தோன்றும். குழம்பு வைத்த மீன், வறுத்த மீன், கருவாடு என்று இந்த மாதம் சாப்பிட்டதை எல்லாம் சொல்லிக்கொண்டே போனேன். பேட்டரி தீர்ந்துவிட்டது.

என் ஞாபகத்தைப் பற்றி ஊரில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். என் கல்யாணத்தில் பந்தி பரிமாறியவர்களின் பெயர், எழுபத்தேழாம் வருடப் புயலில் எந்தக் கட்டுமரம் எந்தத் தென்னையில் போய்ச் செருகியது, எல்லாம் சொல்வேன். பாப்பா அசந்துவிட்டது. கடைசியில் "இன்னைக்கி காலைல என்ன சாப்பிட்டீங்க?" என்றது. இன்னும் சாப்பிடவில்லை என்றேன். உள்ளேயிருந்து தையல்நாயகி, "இட்டிலி சாப்ட்டீங்கல்ல மாமா, நாலு" என்றாள். அவள் சொன்னால் சரியாகத்தான் இருக்கும். வயிறு அப்படிச் சொல்லவில்லை.

தை 24, செவ்வாய்

இன்று கயிற்றைப் பற்றிக் கேட்டார்கள். எல்லாருக்கும் அதுதான் வேண்டியிருக்கிறது, எனவே விவரமாகவே சொன்னேன்.

நானும் கோவிந்தனும் ஒரே கட்டுமரம். இளந்தாரியாக இருந்ததிலிருந்து ஜோடி. ராத்திரி வலையைப் போட்டுவிட்டு மரத்திலேயே படுப்போம். வலைக்கயிற்றைக் காலில் ஒரு சுற்றுச் சுற்றிக்கொள்வோம், வலை இழுத்தால் கால் சொல்லும். என் காலுக்கும் அவன் காலுக்கும் நடுவில் இன்னொரு கயிறு. தூக்கத்தில் ஒருத்தன் புரண்டு தண்ணீரில் விழுந்தால் மற்றவன் கால் இழுபடும். அந்தக் கயிறு இருந்தால்தான் தூக்கம். இல்லாவிட்டால் கண்ணை மூடவே முடியாது.

கரைக்கு வந்த பிறகும் அந்தப் பழக்கம் போகவில்லை. என் வீட்டுக்காரி இருந்தவரை அவள் சேலைத் தலைப்பைக் காலில் முடிந்துகொண்டு தூங்கினேன். கிழித்துக் கிழித்து எத்தனை சேலை வீணானது என்று அவள் திட்டாத நாள் இல்லை. அவள் போன பிறகு தூக்கம் போயிற்று. நான்தான் தையல்நாயகியிடம், "ஆயி, கால்ல ஒரு சுத்து கட்டிவிடு" என்று கேட்டேன். அன்றிலிருந்து முன்பக்கத் தகரக் கொட்டகையில் நான் கட்டிலில் படுப்பேன். கயிறு கதவிடுக்கு வழியாக உள்ளே போகும். கூடத்தில் பாய் விரித்துப் படுத்திருக்கும் அவள் கையில் மறுமுனை. கோவிந்தன் இருந்த இடத்தில் அவள்.

"நீங்க எங்கயாவது எந்திரிச்சிப் போயிடுவீங்கன்னு கட்டுனாங்களா?" என்று பாப்பா கேட்டது.

நான் எங்கே போகப் போகிறேன்? தூக்கத்துக்காகத்தான்.

வழக்கு வந்த கதையையும் சொல்லிவிடுகிறேன். கலியமூர்த்தி கடலில் இருந்தான். ஏலத்துக்கு நேரமாகிவிட்டதென்று தையல்நாயகி மறுமுனையைக் கொட்டகையின் இரும்புத் தூணில் கட்டிவிட்டுப் போனாள். போலீஸ் கேட்ட முதல் நாளே அவள் அதை ஒப்புக்கொண்டுவிட்டாள், அவளுக்கு வளைத்துப் பேசத் தெரியாது. எதிர் வீட்டுக்குக் கோயம்புத்தூரிலிருந்து விருந்தாளியாக வந்த ஒரு பெண் மாடியில் பல் தேய்த்துக்கொண்டு நின்றிருக்கிறது. செல்போனில் பிடித்துவிட்டது. காலில் கயிற்றோடு ஒரு கிழவன் தூணை இழுத்துக்கொண்டு, "அவுத்து வுடுங்கடா" என்று கத்துகிறான். எனக்கும் காட்டினார்கள். சட்டை என்னுடையது. நான் அப்படிக் கத்தின ஆள் இல்லை.

தை 25, புதன்

பாப்பா குழம்புச் சாறு மட்டும் தொட்டுப் பார்த்தது. யாரிடமும் சொல்லக் கூடாதாம்.

தை 28, சனி

தையல்நாயகியைப் பேட்டி எடுத்தார்கள். நான் கொட்டகையில் நைலான் நூல் சிக்கெடுத்துக்கொண்டே கேட்டேன். என் காது இன்னும் கூர்மை.

"உங்க மாமனார் பேரச் சொல்லி ஆரம்பிங்கக்கா."

அவள் தண்ணீர் குடிக்கிற சத்தம் கேட்டது.

"பேரு சொல்லுங்கக்கா. படத்துல வரணும்."

"அது அந்தா, ரேசன் கார்டுல இருக்குங்க."

"நீங்க சொல்லணும்."

"அய்ய, என்னாங்க நீங்க. கட்டிக்கிட்டு வந்த வூட்டுல மாமனாரு பேர வாயால சொல்லுவாங்களா? எங்கம்மா கேட்டா வாயில சூடு வச்சிரும்."

சாலமன் சிரித்துவிட்டான். அவள் சிரிக்கவில்லை. போலீஸ் ஸ்டேஷனிலும் இதே சங்கதிதான். "இவரு யாரு உனக்கு, பேரு என்ன" என்று இன்ஸ்பெக்டர் கேட்டபோது தரையைப் பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறாள். அந்த ஆள் வடக்கேயிருந்து வந்தவர், இந்த வழக்கம் தெரியாது. "பெத்த புள்ள மாதிரி பாத்துக்கிட்டேங்குற, பேரு தெரியல" என்று கேட்டுவிட்டு, கேள்விக்குப் பதில் சொல்ல மறுத்தாள் என்று எழுதிவிட்டார். அந்த ஒரு வரியை வைத்துக்கொண்டுதான் அரசாங்க வக்கீல் நீட்டி முழக்குகிறாராம்.

நானே பலமுறை சொல்லிப் பார்த்துவிட்டேன். "சொன்னா என்ன ஆயி, நாக்கு அழுவிப் போயிடுமா?" தலையை ஆட்டிவிட்டு அடுப்புக்குப் போய்விடுவாள்.

மாசி 1, திங்கள்

திங்கட்கிழமைதோறும் அவள் ஸ்டேஷனில் கையெழுத்துப் போட வேண்டும். மகன் கரைக்கு வருகிற நாளில் போட்டால் போதும். போகும்போது நெற்றியில் பெரிய பொட்டாக வைத்துக்கொண்டிருந்தாள். கிட்டே வந்தபோது பார்த்தேன், பொட்டுக்குப் பக்கத்தில் புருவத்தின் ஓரம் வீங்கியிருந்தது.

"என்னா ஆயி அது?"

"குளியலற கதவு இடிச்சிருச்சி மாமா."

போன மாதமும் இதே கதவு. அதற்கு முன்னால் குழாய். அவள் எப்போதும் அவசரக்காரி. ஆனாலும் கதவு மேலும் தப்பு இருக்கிறது, சுனாமி வீட்டுக் கதவுகள் மழைக்கு ஊதும். ஆசாரியைக் கூப்பிட்டுவிட்டு, அவன் வரும்வரை வாசலிலேயே உட்கார்ந்திருந்தேன். கீழே இழைத்து, கீலுக்கு எண்ணெய் விட்டு, சுண்டு விரலால் தள்ளினால் நகர்கிற மாதிரி செய்துவிட்டுப் போனான். அவள் திரும்பி வந்ததும் திறந்து மூடிக் காட்டினேன்.

"இனிமே இடிக்காது."

அவள் கதவையே பார்த்தாள். பிறகு, "ரொம்ப நல்லா இருக்கு மாமா" என்றாள். முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். ஜலதோஷமாக இருக்கும்.

ஒரு வேலை உருப்படியாக முடிந்த நாள்.

தேதி சொல்லவில்லை

வாடைக்காற்று அடங்கிவிட்டது, தண்ணீர் தெளிகிறது. கோவிந்தா, பாயை எடுத்துக்கொண்டு முன்னால் போ. சோற்று மூட்டையை மறக்காதே. யாரடா இந்தக் கயிற்றை இங்கே கட்டியது, மரம் நகர மாட்டேன் என்கிறது.

மாசி 4, வியாழன்

பாப்பா வந்து, "பெட்டியில யார்கிட்ட தாத்தா பேசியிருக்கீங்க? கோவிந்தன்னு கூப்பிடுறீங்க" என்றது. நான் ஏன் கோவிந்தனோடு பேசப் போகிறேன்? அவன் மஞ்சள்காமாலையில் போய்ச் சேர்ந்து எவ்வளவோ காலம் ஆயிற்று. பாடையில் முன்னால் தோள் கொடுத்தவன் நான். வேறு யாராவது பொத்தானை அமுக்கியிருக்க வேண்டும். கவனமாக வைத்துக்கொள்ளச் சொன்னேன்.

இன்று ஒரு சண்டை. சண்டை என்று சொல்ல முடியாது, பாப்பாவும் தையல்நாயகியும் மெதுவாகத்தான் பேசினார்கள். கலியமூர்த்தியிடம் அனுமதி வாங்கிக்கொண்டு கூடத்து அலமாரியில் ஒரு சின்னக் காமிராவை சில நாள் ஓட விட்டிருந்தார்களாம். அதில் என்னவோ விழுந்திருக்கிறது. நான் முற்றத்தில் கோழிக்கு நொய் போட்டுக்கொண்டிருந்தேன். சமையலறை ஜன்னல் திறந்திருந்தது.

"வக்கீல்கிட்ட இத மட்டும் குடுங்கக்கா. கேஸு நிக்காது."

"வேணாங்க. அழிச்சிடுங்க."

"அக்கா, நீங்க மறுபடி ஜெயிலுக்குப் போவீங்க. புரியுதா?"

"போனா போறன். அவுங்க இத ஒரு தடவ பாத்துட்டாங்கன்னா பொறவு என் கையால கயிறு கட்டிக்க மாட்டாங்க. தூங்காமயே செத்துப்போவாங்க. கடலுக்குப் போன மனுசன், ஊரு பாத்து சிரிக்கக் கூடாது."

"யாரு அக்கா சிரிக்கப் போறாங்க?"

"நீங்க அழிச்சிடுங்க. ஒங்க கால வேணா புடிக்கிறன்."

பாத்திரம் கழுவுகிற சத்தம் பெரிதாகக் கேட்டது. அவளுக்குப் பேச விருப்பம் இல்லாவிட்டால் பாத்திரம் கழுவுவாள். கழுவினதையே கழுவுவாள்.

நொய் முழுவதையும் கோழிக்குக் கொட்டிவிட்டேன்.

மாசி 5, வெள்ளி

தையல்நாயகி விற்கப் போயிருந்தாள். பாப்பா வக்கீலைப் பார்க்க நாகப்பட்டினம் போயிருந்தது. சாலமன் மட்டும் கொட்டகையில் உட்கார்ந்து கம்பியூட்டரில் வேலை பார்த்தான். என் பங்கு நெத்திலி வறுவலைத் தட்டோடு அவன் பக்கம் நகர்த்தினேன்.

"அதக் காட்டு தம்பி."

"எத தாத்தா?"

"அழிக்கச் சொன்னத."

அவன் தட்டைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். நெத்திலிக்காகக் காட்டினான் என்று சொல்ல மாட்டேன். நல்ல பையன். என்னிடம் மறைப்பது அவனுக்கே பிடிக்கவில்லை.

படம் பச்சையாக இருந்தது, இருட்டில் எடுத்தால் அப்படித்தான் இருக்குமாம். கூடத்தில் தையல்நாயகி பாயில் படுத்திருக்கிறாள். கையில் கயிறு. கயிறு இழுபடுகிறது. அவள் எழுந்து உட்காருவதற்குள் கதவைத் தள்ளிக்கொண்டு ஒரு கிழவன் உள்ளே வருகிறான். பனியன், மடித்துக் கட்டின வேட்டி.

"யாரு இது? எங்கப்பா மாதிரி நடக்குறான்" என்றேன். சாலமன் நெத்திலித் தட்டைத் தள்ளி வைத்தான்.

கிழவன் கொல்லைக் கதவைத் திறக்கப் பார்க்கிறான். கோவிந்தா, நேரமாச்சு, எல்லாரும் போய்ட்டாங்க, என்கிறான். தையல்நாயகி குறுக்கே போய் நிற்கிறாள். அவன் அலமாரியில் இருந்த சொம்பை எடுத்து அவள் முகத்தில் அடிக்கிறான். சொம்பு உருண்டு போகிறது. அவள் கத்தவில்லை. ஒரு கையால் புருவத்தைப் பொத்திக்கொண்டு மறு கையால் அவன் கையைப் பிடித்துக்கொள்கிறாள். பிறகு குரலைக் கட்டையாக்கிக்கொண்டு பேசுகிறாள்.

"மச்சான், காத்து சரியில்ல மச்சான். கடலு கெடக்குற கெடையப் பாத்தியா? விடிஞ்சி போவம். நீ படு. நான் பாத்துக்கிறன்."

கிழவன் நிற்கிறான். "சரி" என்கிறான். "கயிறு?"

"இந்தா, கட்டியிருக்கன் பாரு. ஒங்காலுக்கும் எங்கைக்கும்."

அவன் சாதுவாகத் திரும்பிப் போகிறான். அவள் கதவைச் சாத்திவிட்டு, சொம்பை எடுத்து வைத்துவிட்டு, பாயில் உட்கார்ந்து வெகுநேரம் கயிற்றைக் கையில் வைத்துக்கொண்டே இருக்கிறாள்.

சாலமன் இன்னொரு நாளையும் காட்டினான். அடி இல்லை, பேச்சு மட்டும். அதே மச்சான், அதே காற்று. நாளாகப் பழகின பேச்சு.

போதும் என்று சொல்லிவிட்டேன்.

கதவின் மேல் பழி போட்டு ஆசாரியைக் கூப்பிட்டிருக்கிறேன். பாவம், அந்தக் கதவு.

மாசி 6, சனி

இன்று காலையில் இட்லி சாப்பிட்டேன். நன்றாக ஞாபகம் இருக்கிறது.

மாசி 8, திங்கள், அமாவாசை

வாசலில் நாற்காலியைப் போடச் சொன்னேன். வேட்டியைத் துவைத்ததாகக் கட்டிக்கொண்டேன். "காமிராவ வையி" என்று சாலமனிடம் சொன்னேன். பாப்பா ஓடி வந்தது. தையல்நாயகி கையில் மீன் செதிலோடு கதவருகே நின்றாள்.

"அந்தப் படத்த வக்கீலுக்குக் குடு பாப்பா. ஒன் படத்துலயும் போடு."

தையல்நாயகி முகம் மாறிவிட்டது. சாலமனை ஒரு பார்வை பார்த்தாள், அவன் மூன்று கால் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டான்.

"தாத்தா, அக்கா வேண்டாம்னு சொல்றாங்க. அதோட, அதுல இருக்குறது நீங்க. ஊரே பார்க்கும். உங்களுக்குச் சம்மதமா?"

"அதுல ஒரு கெழவன் இருக்கான். அவன எனக்குத் தெரியும். கெட்டவன் இல்ல, கடலுக்குப் போவணும்னு நிக்கிறான், அவ்வளவுதான். இந்தப் பொண்ணு உள்ள போவக் கூடாதுன்னா, அவன் தன்ன எங்க வேணாலும் காட்டிக்கங்கன்னுதான் சொல்லுவான். ஒன்னும் நெனைச்சிக்க மாட்டான்."

தையல்நாயகி செதில் கையோடு முகத்தை மூடிக்கொண்டாள். பிறகு கை நாறுகிறதென்று எடுத்துவிட்டாள்.

"ஆயி, இங்க வா."

வந்தாள்.

"கோவிந்தன் என்னய மச்சான்னு கூப்புட்டதே இல்ல. அவன் தங்கச்சிய நான் கட்டல, என் தங்கச்சிய அவன் கட்டல. பொறவு என்ன மச்சான்?"

அவள் தலை குனிந்துகொண்டாள். "எனக்கு என்னா தெரியும் மாமா. ஆம்பளைங்க அப்பிடித்தான கூப்புட்டுக்குறாங்க."

"பேரச் சொல்லித்தான் கூப்புடுவான். டேய் தம்புன்னுவான். அதக் கேட்டாத்தான் அந்தக் கெழவன் சட்டுனு நிப்பான். ஒன் மச்சானுக்கு யோசிச்சி யோசிச்சிதான் நிக்கிறான் பாரு. கதவுகிட்ட போறப்பவே பேரச் சொன்னா அடிக்க மாட்டான்."

"அய்யோ மாமா. நான் எப்பிடிச் சொல்லுவன்."

"நீயா சொல்ற? கோவிந்தன்ல்ல சொல்றான்."

அவள் வாயைத் திறந்தாள். தம் என்று மட்டும் வந்தது. மூடிக்கொண்டு உள்ளே ஓடிவிட்டாள். பாத்திரம் கழுவுகிற சத்தம் கேட்டது.

ராத்திரி கயிறு கட்ட அவள் வரத் தயங்கினாள். நான் காலை நீட்டிக்கொண்டு உட்கார்ந்தேன். "என்னா ஆயி, தூங்க வேணாமா?" என்றதும் வந்து கட்டினாள். முடிச்சுக் கொஞ்சம் தளர்வாக இருந்தது. இறுக்கிக் கட்டச் சொன்னேன்.

மாசி 16, செவ்வாய்

நாகப்பட்டினம் கோர்ட். கலியமூர்த்தி படகு வேலையை விட்டுவிட்டு வந்திருந்தான். அவன் பேசுகிறவன் இல்லை. பஸ்ஸில் என் பக்கத்தில் உட்கார்ந்து, "அடிக்கிறது எனக்கே தெரியாதுப்பா. எங்கிட்டயும் கதவுன்னுதான் சொன்னா" என்றான். தலையை ஆட்டினேன். நல்ல ஜன்னலோர இடம், காற்று வந்தது.

நீதிபதி அம்மாள் படத்தைத் தன் அறையில் வைத்துப் பார்த்தாராம். வெளியே வந்து உட்கார்ந்து கண்ணாடியைத் துடைத்தார். தையல்நாயகியைக் கூப்பிட்டார்.

"இத ஏம்மா முன்னாடியே சொல்லல?"

"அவுங்க வெக்கப்படுவாங்கம்மா."

"தூண்ல கட்டிட்டுப் போனது தப்பு, தெரியுமா?"

"தெரியும்மா. கட்டிட்டு மனசு கேக்காமதான் போனன். அன்னிக்கி வாங்குன மீனும் விக்கல."

பிறகு என்னைக் கேட்டார். "பெரியவரே, உங்களுக்கு எங்க இருக்கணும்?"

"கயிறு எங்க இருக்கோ அங்கதாம்மா."

கோர்ட்டில் இருந்தவர்கள் சிரித்தார்கள். ஊர் சிரிப்பது ஒன்றும் பெரிய விஷயமாக இல்லை. சிரித்துவிட்டு அவரவர் வேலையைப் பார்க்கிறார்கள்.

வழக்கைத் தள்ளுபடி செய்துவிட்டார்கள். மகன் கடலில் இருக்கிற நாளில் மருமகள் ஏலத்துக்குப் போனால் என்னோடு யாராவது ஒருத்தர் இருக்க வேண்டும், மாதம் ஒருமுறை ஒரு டாக்டரம்மா வந்து பார்ப்பார் என்று சொன்னார்கள். எதிர் வீட்டுக்காரி தானே வந்து இருப்பதாகச் சொல்லிவிட்டாள். தன் விருந்தாளி செய்ததற்கு அவள் மனதில் ஒரு உறுத்தல். டீ போடுவாள், ஆனால் சர்க்கரையை அள்ளிக் கொட்டுகிற கை.

வரும் வழியில் எல்லாருக்கும் அல்வா வாங்கிக் கொடுத்தேன். பாப்பா வாயைத் திறந்து வாங்கிக்கொண்டது.

மாசி 22, திங்கள், மாசி மகம்

படக்காரர்களுக்கு இன்றுதான் கடைசி நாள். இந்தப் பெட்டியையும் திருப்பிக் கொடுக்க வேண்டும். சாமிகளைக் கடலுக்குக் கொண்டுவருகிற நாள். அந்தக் கூட்டத்தைப் பிடித்துக்கொண்டு போகலாம் என்று சாலமனுக்கு ஆசை.

நானும் வருகிறேன் என்றேன். கயிறு கட்ட ஆரம்பித்த பிறகு என்னைக் கரைக்கு விட்டதில்லை. தையல்நாயகி உள்ளே போய்க் கயிற்றை எடுத்து வந்தாள். ஒரு முனையை என் மணிக்கட்டில் கட்டினாள், ஒரு முனையைத் தன் கையில். பட்டப்பகலில், ஊர் பார்க்க, ரோட்டில் நடந்தோம். செல்போனில் அந்தப் படத்தைப் பார்க்காதவர்கள் யாரும் இல்லை. இரண்டொருவர் ஒதுங்கினார்கள். மீன் விற்கிற பெண்கள் சிலர் கூடவே நடந்து வந்தார்கள். அதில் ஒருத்தி, "மாமனாரும் மருமவளும் காப்புக் கட்டிக்கிட்டுக் கெளம்பிட்டீங்களா?" என்று கேலி செய்தாள். "ஒனக்கும் ஒரு மொனை வேணுமா?" என்றேன்.

கரையில் ஒரே ஜனம். மேளம். பெருமாள் பல்லக்கு தண்ணீர் வரை வந்துவிட்டது. கடல் அழகாக இருந்தது. வாடை அடங்கி, தெளிந்து, உள்ளே போக ஏற்ற கடல்.

பிறகு என்ன நடந்தது என்பதை முழுதாகச் சொல்ல எனக்குத் தெரியவில்லை. கொஞ்சம் எனக்குத் தெரிந்தது, மீதி சாலமன் சொன்னது. முட்டியளவு தண்ணீரில் இருந்தேன். எப்போது இறங்கினேன் என்று தெரியாது. கயிற்றைக் கையிலிருந்து உருவி விட்டிருக்கிறேன். அப்பால் ஒரு கட்டுமரம் நின்றது. அதில் யாரோ எனக்காகக் காத்திருந்தார்கள். அலை இடுப்புக்கு வந்தது. பின்னால் மேளச் சத்தத்தில் மாமா, மாமா என்று யாரோ யாரையோ கூப்பிட்டார்கள். எத்தனை மாமாக்கள் இருக்கிறார்கள் அந்தக் கூட்டத்தில். நான் போய்க்கொண்டிருந்தேன்.

அப்போது ஒரு குரல். கட்டையாக இல்லை. ஆண் குரலைப் போலவும் இல்லை. பெண் குரல்தான், தொண்டை கிழிகிற மாதிரி, சாமி பார்க்க வந்த சனம் அத்தனைக்கும் கேட்கிற மாதிரி.

"டேய் தம்பு. நில்லுடா."

மேளக்காரன்கூட நிறுத்திவிட்டானாம். பெண்கள் வாயில் கை வைத்துக்கொண்டார்களாம். அதெல்லாம் எனக்குத் தெரியாது. கோவிந்தன் அப்படித்தான் கூப்பிடுவான்.

நின்றுவிட்டேன்.